யோனத்தான் வேஷத்தில் நான் போட்ட சண்டை

அன்பில் குறையாத தங்கை லவோனுக்கு,

வடக்கு டகோட்டாவிலிருந்து அண்ணன் வெண்டல் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் ஐரீனும் மாடுகளும் சுகம். அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். நிற்க.

நம் ஊர்ச் சகோதரச் சங்கம் பிழைத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீ பாதிக் கடிதத்திலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். மெல்வின் தன் மகன் வீட்டுக்கே குடிபோய்விட்டதால் ஓர் ஆள் குறைந்தது. இந்த மாதத்துக்குள் புது ஆள் சேராவிட்டால் சங்கம் நடத்தும் சாசனத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பா தன் கையால் ஆணியடித்துக் கட்டிய சங்கக் கூடத்தில் எவனோ டிராக்டர் நிறுத்துவான் என்று நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ரமோனா தானாக வந்து, "நான் சேர்றேன்" என்றாள். சந்தோஷம்தான். ஆனால் சேர்க்கிற சடங்கில் பைபிளில் வரும் தாவீது, யோனத்தான் நட்பை நடித்துக்காட்ட வேண்டுமே! வசனம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இரண்டே பேர். யோனத்தான் நான். தாவீது, பக்கத்துப் பண்ணை ஆர்வில். ஆமாம், அவனேதான்! அவன் காளை வேலியை உடைத்து என் கிடாரிகளிடம் வந்த நாளிலிருந்து நாங்கள் பேசுவதில்லை, சர்ச்சில்கூட வேறு வேறு பெஞ்சு. சங்கத் தலைவி வெர்லாவிடம் முடியாது என்றேன். "நீங்க நட்பைப் பத்திப் பேசினாப் போதும் வெண்டல், நட்பா இருக்கச் சொல்லி யாரும் கேக்கல" என்றாள்.

ரமோனாவின் கண்ணைக் கட்டிக் கூட்டி வந்தார்கள். (வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்த சடங்கு ரகசியம் எதையும் இங்கே எழுதவில்லை. சண்டை ரகசியத்தில் சேராது.) நான் ஐரீனின் குளியல் அங்கியில், கையில் வில்லோடு நின்றேன். ஆர்வில் ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு வந்து, நான் என்ன குற்றம் செய்தேன் என்று தாவீது கேட்கிற வசனத்தை உருக்கமாகச் சொன்னான். என் வாய் சும்மா இருந்ததா?

"என்ன குத்தமா? போய் ஒங் காளையக் கேளு!"

"வேலிய நீ ஒழுங்கா வச்சிருந்தா அது ஏன்டா வருது?"

"ஐரீன் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ ஒரு எட்டு வந்து பாத்தியா நீ?"

"நான் எப்பிடிடா வர்றது? அந்த ஜனவரி முழுக்க ஒம் மாட்டுக்கு யாரு வைக்கோல் போட்டது? தொட்டியில பனிக்கட்டிய யாரு ஒடச்சது?"

"அது பாதிரியார் ஆளுங்க..."

"பாதிரியாருக்கு மாட்டுக்கு வாய் எந்தப் பக்கம்னே தெரியாதுடா!"

லவோன், அதற்காக நான் பாதிரியாருக்கு ஒரு முழுப் பன்றித்தொடை கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார்! அதையும் கத்திச் சொல்லிவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றேன். "எப்பிடிச் சொல்றது? நாமதான் பேசறதில்லையே!" என்றான் ஆர்வில். ரமோனா கட்டிய கண்ணோடு தேம்பித் தேம்பி, "ஐயோ, சேந்துடுங்களேன், கேக்க முடியல!" என்கிறாள். வெர்லா சட்டென்று எழுந்து, "இப்போது யோனத்தான் தாவீதைத் தழுவுகிறான்" என்று உரக்கச் சொன்னாள். தழுவினேன். திரையில் பூச்சி உருண்டை வாசனை, ஆனாலும் விட மனசு வரவில்லை.

ரமோனா உறுதிமொழி எடுத்தாள். சாசனம் தப்பியது. கண்கட்டை அவிழ்த்ததும் அவள் கேட்ட ஒரே சந்தேகம்: "தாவீது காலத்துல பன்றித்தொடை சாப்பிடுவாங்களா?"

"மூல வசனத்துல அப்பிடித்தான் இருக்கு" என்றாள் வெர்லா, முகம் மாறாமல்.

அன்றிரவு காலை நீட்டி நிம்மதியாகத் தூங்கினேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல், அக்கம்பக்கத்தாரோடு சமாதானமாக வாழ ஆசீர்வதிக்கும்,

அண்ணன்
வெண்டல்

பி.கு.: தபால்தலை இல்லாமல் கடிதம் ஒரு வாரம் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் ரமோனா ஊரெல்லாம் புகழ்ந்துவிட, அடுத்த மாவட்டத்துச் சங்கத்தார் தங்களுக்கும் இதே நாடகத்தைச் சண்டையோடு நடத்தித் தரச் சொல்கிறார்கள். நேற்று ஒத்திகை. என் கோபத்தில் உயிரே இல்லை என்றான் ஆர்வில். அழத் தெரியாதவனெல்லாம் தாவீது வேஷம் கட்டக் கூடாது என்றேன் நான். மறுபடி பேச்சில்லை. நாடகத்துக்கு இதுதான் வேண்டுமென்று வெர்லாவுக்குப் பரம திருப்தி.