சீனப் பேரரசரின் மச்சான்

டென்மார்க்கில் காலடி வைத்த தமிழர்களுக்குள் சீனப் பேரரசரின் நெருங்கிய உறவினர் ஒரே ஒருவர்தான். அவரைச் சேனாதிபதி என்போம். சொந்தப் பெயர் பொலிசுக்கும் தபால்காரருக்கும் மட்டுமே தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதிகளாக வந்த நாங்கள் இருபது பேர் ஓகூஸ் நகரில் ஒரு பழைய விடுதியில் விசாரணைக்குக் காத்திருந்தோம். வேலை செய்ய அனுமதியில்லை. வெளியே மழை, இல்லாவிட்டால் மழைக்கு முந்திய காற்று. என்னைவிட நான்கு வயது மூத்த சேனாதிபதியிடம் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் இருந்தது. தமிழில் வந்த சீனச் சரித்திர நாவல். பேரரசரின் உறவினனான ஒரு படைத்தலைவனின் கதை. கிழக்கு ஜேர்மனியில் உடுப்புப் பையைத் தொலைத்தவர் இதை மட்டும் தொலைக்கவில்லை. ஒருவருக்கும் இரவல் தரமாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையைத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்து தானே சொல்லுவார். அதுவும் "நான்" என்றுதான் சொல்லுவார்.

"நான் குதிரையிலை ஏறினன். பின்னாலை நாப்பதினாயிரம் பேர்!"

முதல் நாளே சிக்கல். தளபதி பேரரசரின் தங்கையை விரும்பினார். எங்களில் வயதில் மூத்தவரும் சமையலுக்குப் பொறுப்பானவருமான அண்ணை கரண்டியோடு வந்து மறித்தார்.

"பொறு, பொறு. பேரரசர் உனக்கு என்ன முறை?"

"பெரியப்பான்ரை மகன், அண்ணை."

"அப்ப அவள் உனக்குத் தங்கச்சியெல்லோ! வெக்கமில்லையே?"

"அண்ணை, இது சீனா..."

"எங்கையெண்டாலும் தங்கச்சி தங்கச்சிதான்!"

அன்று கதை நின்றுவிட்டது. மறுநாள் சேனாதிபதி பேரரசரை மாமியின் மகனாக்கினார். தங்கை மச்சாளானாள், சபை சமாதானமானது. ஆனால் மாமி வந்தால் மாமா வேண்டும், மாமாவுக்கு வளவு வேண்டும், வளவுக்கு வேலி வேண்டும். ஒரு கிழமைக்குள் சீனாவில் பனைகள் நின்றன. பேரரசர் எங்கள் ஊர் ஒடியற்கூழ் குடித்தார். எது புத்தகம், எது அவர் கைச்சரக்கு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. படித்தவன் என்று பெயரெடுத்த எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.

நான் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன். எல்லோருடைய வாக்குமூலத்தையும் ஆங்கிலத்தில் எழுதியவன் நான்தான். சேனாதிபதியின் நாளும் வந்தது. தன் கடை எரிந்ததையும் கொழும்புக்கு ஓடியதையும் ஒழுங்காகச் சொன்னவர், திடீரென்று எழுந்து கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தார்.

"தம்பியைப் படையள் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். நான் பனைக்குப் பின்னாலை நிண்டனான். வெளியிலை வரேல்லை, மாஸ்டர்."

நான் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தேன். "அண்ணை, சீனாவுக்குப் போட்டியள். திரும்பி வாங்கோ!"

என்னையே பார்த்தவர், கொஞ்சம் பிந்தித் தானும் சிரித்தார். அந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதி முடித்தேன். பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு வேறு.

சில மாதங்களில் மறுப்புக் கடிதம் வந்தது. ஊரில் அவருக்கென்று தனியாக ஆபத்து எதுவும் இல்லையாம். திருப்பி அனுப்பப் போகிறார்கள். வாசித்துக் காட்டினேன்.

"தம்பியைப் பற்றி ஒண்டும் இல்லையோ?"

"எந்தத் தம்பி? அது கதையெல்லோ?"

"கதையெண்டுதான் நானும் நினைக்கப் பாக்கிறனான், மாஸ்டர்."

அந்தப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். தளபதிக்கு நாற்பதினாயிரம் வீரர்கள் இருந்தார்கள். தம்பி இல்லை. பனையும் இல்லை.

அவருடைய வழக்கறிஞரிடம் ஓடினேன். டெனிஷ்காரப் பெண். தவறு என்னுடையது, இவர் பொய் சொல்லவில்லை என்று விளக்க, பேரரசர், மாமி, மச்சாள், பனை எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியிருந்தது. ஒன்றரை மணித்தியாலம் குறிப்பெடுத்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "சரி, இந்தப் பேரரசர் எந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்?"

மேன்முறையீட்டில் தங்கும் அனுமதி கிடைத்தது, ஒரு வருடம் கழித்து. நாங்கள் எல்லோரும் வீடு, வேலை என்று போன பிறகும் அவர் அந்த விடுதியில் தனியே இருந்தார். கதை கேட்க ஆளில்லை. தம்பியைப் பற்றிக் கடைசிவரை ஒரு செய்தியும் வரவில்லை. என்னை அவர் ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போன மாதம் இஷொய் என்ற ஊரில் அவருடைய செத்தவீடு. தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா என்னருகில் நின்றார்.

"நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"தம்பி முறை."

"தாய்வழியோ, தகப்பன்வழியோ?"

"சீனாவழி," என்றேன்.