மெதுவடை யாரையும் இடிக்கவில்லை

மெதுவடையின் கார் என்மேல் மோதவில்லை. நான்தான் அதன்மேல் மோதினேன். அதுவும் அது நின்றுகொண்டிருந்தபோது. ஆனால் போலீஸாரிடம் நான் சொன்னது வேறு.

இத்தனை காலம் கழித்து இதை எழுதக் காரணம் உண்டு. வயதானவர்களை மறுபடி சோதித்துப் பார்த்த பிறகே வண்டி ஓட்ட விடவேண்டும் என்று பேப்பரில் யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். என் மகன் அதை உரக்கப் படிக்கிறான், என் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தபடி. சோதிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு பொய்ச்சாட்சி எனக்கு ஞாபகம் வருகிறான். அவனுக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், மோட்டார் ஓட்டியவர்களிலேயே, ஏன், உலகத்தில் மோட்டார் ஓட்டியவர்களிலேயே, யாரையும் முந்தாத ஒரே மனிதர் மெதுவடைதான். இரண்டாவது யுத்தத்துக்கு முந்திய காலம் அது. எங்கள் காக்ஸ் டவுனில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கார் என்றால் வேகம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பை அவர் ஒருவரே மாற்றினார். ஒருமுறை ஒரு சவ ஊர்வலம் அவரை முந்திக்கொண்டு போனது. செத்தவருக்கு இருந்த அவசரம்கூட இவருக்கு இல்லை என்று பாண்டு வாத்தியக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள். பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. மெதுவாகப் போனார், மெதுவடை ஆனார். அவருடைய சொந்தப் பெயர் பாதிரியாருக்குத் தெரிந்திருக்கலாம்.

இதில் வேடிக்கை, மனிதர் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுவதும் அடுத்தவர்களின் அவசரத்தைக் கட்டுக்கட என்று தட்டி அனுப்பியதில், தனக்கென்று அவசரம் எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. எழுபதைத் தாண்டியிருந்தார். வாயில் பல் ஒன்றுகூடக் கிடையாது. பல்செட்டு இருந்தது, ஆனால் அதைக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் போட்டுக்கொள்வார்.

கார் அவருக்காக வந்ததல்ல, மனைவி ஞானம்மாவுக்காக வந்தது. அந்த அம்மாளுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. ஜட்காவில் பின்பக்கமாகத் தொற்றி ஏறி, உள்ளே காலை மடக்கி உட்கார வேண்டும். அது அவரால் முடியாத காரியம். கார் வருவதற்கு முன்பு அவர் கோயிலுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் மெதுவடை எங்கிருந்தோ ஒரு பழைய துணிக்கூரைக் காரைப் பிடித்து வந்தார். பின்சீட்டில் ஞானம்மா காலை நீட்டிக்கொண்டு ராணி மாதிரி வருவார். அந்தக் கார் நின்றால் அந்த அம்மாளின் உலகம் வீட்டு வாசலோடு நின்றுவிடும். இது தெரியாதவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. எனக்கும் தெரியும். அதைத்தான் முதலில் சொல்லிவிட வேண்டும்.

காருக்கு ஹாரன் உண்டு. ஆனால் அதன் ரப்பர் பந்து வெடித்துப்போய், அமுக்கினால் பெருமூச்சு மட்டும்தான் வரும். ஆகவே மெதுவடை வாயாலேயே ஹாரன் அடித்தார். ஜட்காக்காரர்கள் "ஹட்! ஹட்!" என்று தக்னி உருதுவில் கத்துவார்கள் அல்லவா, விலகு என்று? அதையே இவரும் கத்தினார். பல் இல்லாத வாயில் "ஹட்" எப்படி வரும்? "ஹத்! ஹத்!" என்றுதான் வந்தது.

லிங்கராஜபுரம் பக்கத்திலிருந்து கீரைக் கூடையோடு மார்க்கெட்டுக்கு நடந்துபோகும் பெண்களுக்குக் கன்னடம்தான் தெரியும். கன்னடத்தில் "ஹத்து" என்றால் ஏறிக்கொள் என்று அர்த்தம். ஒரு பெரியவர், கார் வைத்திருப்பவர், சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார். மரியாதை தெரிந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஏறிக்கொண்டார்கள். கார் ஓடும்போதே ஏறலாம், அவ்வளவு சௌகரியமான வேகம்.

முதல் நாள் மெதுவடை திரும்பிப் பார்த்தபோது பின்சீட்டில் மனைவியோடு ஒரு கீரைக்காரி, ஒரு கூடை, ஒரு கோழி.

"ஏம்மா, நீ எப்போ ஏறுனே?"

"ஹத்து அந்த்ரல்லா சுவாமி, ஹத்திதே" என்றாள் அவள். ஏறு என்றீர்களே, ஏறினேன்.

"இருக்கட்டும் விடுங்க" என்றார் ஞானம்மா. "கீரை நல்லா இளசா இருக்கு."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் விலகச் சொல்லிக் கத்தக் கத்த, கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். ஞானம்மாவுக்கு லிங்கராஜபுரத்துக் கல்யாணம், பிரசவம், மாமியார் சண்டை எல்லாம் அத்துப்படி ஆயிற்று. அவருடைய கன்னடம் எங்கள் பள்ளிக் கன்னடப் பண்டிதரையே மிரட்டும் அளவுக்கு வளர்ந்தது.

இனி என் கதை. நான் அப்போது புது வாத்தியார், சைக்கிளும் புதிது. பெண்கள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், ரயில் பாலத்து இறக்கத்தில், இரண்டு கையையும் விட்டுவிட்டு மார்பில் கட்டிக்கொண்டு ஓட்டிவருவேன். அங்கே வேலை பார்த்த ஒரு டீச்சர் ஒருமுறையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் லட்சியம். அன்று பார்த்தார். நானும் அவர் பார்க்கிறாரா என்று பார்த்தேன். எதிரே, ஒரு கீரைக்காரியை இறக்கிவிட நின்றிருந்த காரை மட்டும் பார்க்கவில்லை.

சைக்கிள் காரின் கீழே போயிற்று. நான் காருக்குள் போனேன். தலை கீரைக் கூடையில், கால் துணிக்கூரையில்.

"வாங்க தம்பி" என்றார் ஞானம்மா. "நீங்களும் மார்க்கெட்டா?"

கூட்டம் கூடிவிட்டது. டீச்சரும் வந்து நின்றார். காதில் தண்டங்கீரையோடு நான் எழுந்தபோது போலீஸ்காரர் கேட்டார்: "இன்னா சார் ஆச்சு?"

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இந்தப் பெரியவர் வந்து இடிச்சிட்டார்."

"ஐயோ, வண்டி நின்னுக்கிட்டுல்ல இருந்துச்சு" என்று ஞானம்மா சொன்னார். யார் காதிலும் விழவில்லை. கிழவர் ஒருவர் இருந்தார், கார் ஒன்று இருந்தது, அதற்குமேல் யாருக்கும் விசாரணை தேவைப்படவில்லை. "இந்த வயசுல இவருக்கு எதுக்கய்யா மோட்டார்" என்று ஊரே ஒரே குரலில் பேசியது. அந்த டீச்சர் உச்சுக்கொட்டிவிட்டு நடந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மெதுவடை மறுத்திருந்தால் நானும் சண்டை போட்டு ஒருவழியாக என்னை நியாயப்படுத்திக்கொண்டிருப்பேன். அவர் மறுக்கவில்லை. நம்பிவிட்டார்.

"இடிச்சிட்டேனா தம்பி? எனக்குத் தெரியவே இல்லையே" என்றார்.

போலீஸ் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, இரண்டு வாரத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டவேண்டும், தவறினால் லைசென்ஸ் ரத்து என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த இரண்டு வாரமும் அவர் ஓட்டிய விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தெருமுனைக்குத் தெருமுனை இறங்கி, காரின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்ப்பார். ஒரு நாய் குரைத்தால்கூட இறங்கி அதன் நலம் விசாரிப்பார். நடந்துபோகிறவர்களைக் கூப்பிட்டு, "ஏங்க, உங்களை இடிச்சேனா?" என்று கேட்பார். "இல்லைங்களே." "நல்லாப் பாத்துச் சொல்லுங்க." எங்கள் தெரு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவார்களே என்று.

தினமும் மாலையில் என் அறைக்கு வந்து, "முட்டி எப்படி இருக்கு வாத்தியாரே?" என்று விசாரித்துவிட்டு நாட்டுக்கோழி முட்டை வைத்துவிட்டுப் போவார். என் முட்டி மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. முட்டைகளைத் தின்றுகொண்டே நொண்டினேன்.

சோதனை நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் உட்கார்ந்தார், பெரிய மீசைக்காரர். நான் புகார்க்காரன் என்பதால் பின்சீட்டு. பக்கத்தில் ஞானம்மா. "நான் இல்லாம இந்த வண்டி ஒரு அடி போனதில்ல" என்று சொல்லி ஏறிவிட்டார்.

"உம், வண்டியை விடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மெதுவடையின் முகம் விழுந்துவிட்டது. "விட்டுடணுங்களா? இன்னும் ஓட்டிக் காட்டவே இல்லீங்களே!"

"யோவ், ஓட்டுங்கன்னுதான் சொன்னேன்!"

ஓட்டினார். "ஹத்! ஹத்!" என்றார். வழக்கமான முதல் கீரைக்காரி வழக்கமான இடத்தில் ஏறினாள். இரண்டாமவள் புடலங்காயோடு ஏறினாள். இடம் இல்லாததால் புடலங்காயை இன்ஸ்பெக்டரின் மடியில் சாத்தினாள். அவர் மீசை துடித்தது.

"இதென்ன காரா, பஸ்ஸா? யாரு உங்களை ஏறச் சொன்னது?"

"இவரேதான்" என்று இருவரும் மெதுவடையைக் கன்னடத்தில் காட்டிக்கொடுத்தார்கள்.

"நான் விலகத்தாங்க சொல்றேன். இவங்க ஏறிக்கிறாங்க."

"எறங்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"அப்படிச் சொன்னா மனசு கஷ்டப்படுவாங்களே?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அந்தக் கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்தார் என்று இன்றுவரை நம்புகிறேன். ரயில் பாலத்து இறக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இங்கதானே வாத்தியாரை இடிச்சீங்க? எப்படி இடிச்சீங்க, சொல்லுங்க."

மெதுவடை ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"எவ்வளவோ நினைச்சுப் பாத்துட்டேங்க. ஞாபகமே வரல. கண்ணு போச்சா, புத்தி போச்சான்னு தெரியல. ஆனா வாத்தியார் பொய் சொல்ல மாட்டாருங்க. இடிச்சுத்தான் இருப்பேன். லைசென்ஸை எடுத்துக்கோங்க ஐயா."

பின்சீட்டில் ஞானம்மா கீரைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அவர் இடிக்கல" என்றேன். "வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு. நான்தான் கையை விட்டுட்டு ஓட்டிக்கிட்டு வந்து மோதினேன்."

இன்ஸ்பெக்டர் புடலங்காயோடு திரும்பினார். ஒரு அரை நிமிடம் அதை என்ன செய்யப்போகிறார் என்று பயந்தேன். ஆனால் அதற்குள் மெதுவடை திரும்பிவிட்டார். கோபத்தை எதிர்பார்த்தேன். அந்த முகத்தில் இருந்தது கிறிஸ்துமஸ்.

"ஞானம்! கேட்டியா? நான் இடிக்கலையாம்!"

"அதைத்தான் அன்னிக்கே சொன்னேன். யாரு காதுல வாங்கினீங்க?"

"தம்பி, ரொம்ப நன்றி தம்பி" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்க்கையில் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். அந்த நன்றியைப் போல ஒன்றும் என்னை எரித்ததில்லை.

"பெரியவர் பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா ஒரு ஹாரன் வாங்கணும். வாத்தியாரே, நீ எறங்கு. எறங்கி, சைக்கிளைக் கொண்டாந்து, ரெண்டு கையாலயும் பிடிச்சு, என் கண்ணு முன்னால இந்தத் தெருவை ஒரு ரவுண்டு ஓட்டு."

ஓட்டினேன். ஒரு வேலியில் போய் விழுந்தேன். தெரு முழுவதும் பார்த்தது.

பிராயச்சித்தமாக நான்தான் ஹாரன் வாங்கிக் கொடுத்தேன். பளபளவென்று பித்தளைக் குழல், புது ரப்பர் பந்து. அமுக்கினால் எருமை கத்துவது போல ஊரே அதிரும். எனக்குப் பெருமை. பத்து நாளில் மெதுவடை அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. இதை அடிச்சா எல்லாரும் ஒதுங்கிப் போயிடறாங்க."

"அதுக்குத்தானே ஐயா ஹாரன்?"

"ஞானத்துக்குப் பேச்சுத்துணை இல்லாம போச்சே."

ஹாரனை நான் சைக்கிளில் மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எங்களை எல்லாம் வாயடைக்க வைத்தது. வருஷத்துக்கு ஒருமுறை தாமாகவே போலீஸ் ஆபீஸுக்குப் போய், "ஐயா, என்னை ஒருமுறை பாத்துடுங்க" என்று இன்ஸ்பெக்டரைக் காரில் ஏற்றிக்கொள்வார். யாரும் கூப்பிடவில்லை, சட்டமும் கேட்கவில்லை. "இடிச்சா எனக்குத் தெரியாமலே போயிடுமோன்னு ஒரு பயம் வந்துடுச்சு தம்பி. கேட்டுக்கிட்டா நிம்மதி" என்றார். அந்தப் பயத்தை அவருக்குள் போட்டவன் நான். ஒப்புக்கொண்டதால் அது போய்விடவில்லை.

சில வருஷங்கள் பாஸ் ஆனார். ஒரு வருஷம் இன்ஸ்பெக்டர் தயங்கி, எதிரே வந்த மாட்டுவண்டி எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டார். மெதுவடை, "வண்டி வந்துச்சா?" என்றார். அவ்வளவுதான். அவரே லைசென்ஸை எடுத்து நீட்டிவிட்டார்.

அன்று மாலையே நான் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். அதே இன்ஸ்பெக்டர் என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார், மூன்றாவது தடவை பெரிய மனது பண்ணினார்.

லைசென்ஸ் கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய காரை எடுத்து வாசலில் நிறுத்தினேன். மெதுவடை பழக்கத்தில் முன்சீட்டுப் பக்கம் போனார். ஞானம்மா காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, "இங்க வந்து உக்காருங்க" என்றார். அந்தக் கார் வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் அதில் அருகருகே உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அன்று பல்செட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழியெல்லாம் ஏதோ சொல்லிச் சொல்லி அந்த அம்மாளைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தார். ரோட்டை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

கோயில் பக்கத்தில்தான். நான் ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன்.