வெள்ளிக்கிழமை முட்டையும் ஐஸ்பெட்டி அண்ணரும்

பிள்ளையள், ஊசி மருந்தைப் பற்றி ஐஸ்பெட்டி அண்ணரைப் போலக் கதைக்க, அதைக் கண்டுபிடித்தவனாலும் ஏலாது.

நீங்கள் இரண்டு பேரும் வயிற்றில் தங்க முந்தி, நானும் உங்கள் அம்மாவும் வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்குக்கு அலைந்தோம். கருமுட்டைகள் கூடுதலாக முதிர அம்மாவுக்கு ஹோர்மோன் ஊசி. அங்கே கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் மனைவியோடு வருவார். மீன் வாங்கப் போகிறவர் மாதிரி கையில் ஐஸ் உருகாத ஒரு ரெஜிபோம் பெட்டி. உள்ளே ஐஸும் மருந்தும். பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஐஸ்பெட்டி, அவ்வளவுதான்.

மருந்தில் இரண்டு வகை. ஒன்று, வயது போன பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த பவுடர், கரைத்துக் குத்தவேண்டும். மற்றது ஆய்வுகூடத்தில் செய்தது, பேனை மாதிரி வரும், விலை கூட. எங்களுக்குப் பவுடர். மலிவு மருந்தால் பிள்ளை தவறிப்போகுமோ என்று எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் கதிரைக்கும் நடந்தபடி இருந்தேன். ஐஸ்பெட்டி கூப்பிட்டார்.

"தம்பி, உமக்குப் பவுடரே? அடிச்சுது லக்! முந்தி அதைக் கன்னியாஸ்திரிமாரிட்டை இருந்துதான் எடுத்தவங்களாம். ஆசீர்வாதத்தோடை வந்த சாமான்!"

"எதை அண்ணை எடுத்தவங்கள்?"

"மூத்திரத்தை!"

முழு வரிசையும் திரும்பிப் பார்த்தது. அம்மா கைப்பையால் முகத்தை மறைத்தா.

அடுத்த முறை போனால் மனுசன் வேறொரு சோடியிடம், "பேனையே? அதுதான் ராசா! பவுடரெல்லாம் பழங்காலம்" என்கிறார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"அண்ணை, பவுடர்தான் திறமெண்டனீங்கள்!"

காதுக்குள் குனிந்தார். "ரெண்டும் ஏறக்குறைய ஒண்டுதானாம். டொக்டர் எனக்கு எப்பவோ சொல்லிப்போட்டார். ஆனா வயித்திலை ஊசி வாங்கிற பொம்பிளைக்கு 'ஏறக்குறைய' எண்டு சொல்லேலுமே? கையிலை இருக்கிறதுதான் ராசா எண்டு சொல்லிக் குத்தும்!"

ஒருநாள் ஊசி போடுகிற மிஸ்ஸி சொன்னா: "வெள்ளிக்கிழமை முட்டை எடுக்கிறம். அம்மா சாப்பிடாமல் வரவேணும்."

பதட்டத்தில் என் வாய் முந்திக்கொண்டது. "மிஸ்ஸி, நாங்கள் வெள்ளிக்கிழமையிலை முட்டை தொடுறேல்லை."

ஐஸ்பெட்டி கதிரையிலிருந்து விழாத குறை. "எங்கட வேதத்திலை வெள்ளிக்கு இறைச்சிதான் இல்லை, முட்டை ஓகே! நீர் பயப்பிடாதையும். உமக்காக நான் மாதாவிட்டைக் கதைக்கிறன்."

கதைத்திருக்கிறார். நீங்கள் வந்து தங்கினீர்கள்.

அவர் மனைவிக்குப் பேனை ஊசி. அந்த முறையும் சரிவரவில்லை. நாங்கள் ஸ்கேனுக்குப் போன அன்று, அவர்கள் முதலிலிருந்து தொடங்க வந்திருந்தார்கள். அம்மாவின் ஸ்கேன் படத்தை நான் சட்டைப்பைக்குள் ஒளித்தேன். பறித்துப் பார்த்தவர் வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினார்: "ரெண்டு! பாத்தீங்களே, பவுடர்!" அவர் மனைவியும் சிரித்தா. இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐஸ் தண்ணீர் வாசல்வரை சொட்டியது. அதன் பிறகு அவர்களை நாங்கள் காணவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவுக்கும் சொல்லாமல், கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். அங்கே கோயிலில் மாதா சொரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். யாருக்காக என்று சொல்லவேண்டுமே, பெயர் தெரியாது.

"தாயே, ஐஸ்பெட்டி" என்றேன். "ஆளை உங்களுக்குத் தெரியும்."