நத்தை சாரின் காலிக் கட்டம்

பெங்களூரில் கோபத்துக்கு ஒரு போட்டி வைத்தால், டிராஃபிக்கில் மாட்டிய அத்தனை ஆட்டோக்காரர்களையும் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கி வருவார் எங்கள் நத்தை சார். வைட்ஃபீல்ட் ஆபீஸில் அவருக்குப் பக்கத்து சீட் என் தலையெழுத்து. வளர்ப்பு இல்லாமல் கடலிலேயே பிடிக்கும் நத்தை, சிப்பி, மட்டி எல்லாம் எந்த நாட்டில் எவ்வளவு கிடைக்கிறது, எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று வரைபடம் போட்டு விற்பது எங்கள் பிழைப்பு. கடல் நத்தை அவர் பிரிவு. பெயர் அப்படி வந்தது. மற்றபடி அவர் நடந்தால் நாம் ஓட வேண்டும்.

வளர்ப்புச் சிப்பியை யாராவது கடல் சிப்பிக் கணக்கில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. "பண்ணைக் கோழிய எண்ணிட்டு, காட்டுல கௌதாரி பெருத்துப்போச்சுன்னு எழுதுவியா?" என்று கத்துவார். கேன்டீனில் காபி ஆற்றுகிறவர் கை அப்படியே நின்றுவிடும்.

டீம் டின்னரில் சர்வரை நிற்கவைத்து, "இந்த மட்டி கடல்ல புடிச்சதா, வளத்ததா?" என்று கேட்டார்.

"ஃப்ரீஸர்ல இருந்துது சார்."

அந்தப் பதிலுக்கு எங்களுக்கு அரை மணி நேரம் பிரசங்கம் நடந்தது. என் பிரியாணி ஆறிப்போனது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

உண்மையான யுத்தம் அட்டவணையில் ஒரு காலிக் கட்டத்துக்காக. ஒரு நாடு கணக்கு அனுப்பாவிட்டால் போன வருட எண்ணையே மறுபடி போட்டுவிடுவது ஆபீஸ் வழக்கம். வரைபடத்தில் கோடு அறுபடாமல் அழகாக ஓடும். ஒரு நாட்டுக்குப் பல வருடமாக இப்படியே ஓட்டியிருந்தோம். அதை நம்பி, அங்கே நத்தை குறையவே இல்லை, தைரியமாகப் படகு இறக்கலாம் என்று ஒரு கம்பெனிக்கு அறிக்கை தர வேண்டும். நத்தை சார் அந்த எண்கள் அத்தனையையும் அழித்துவிட்டார்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க சார். கிளையன்ட்டுக்கு ஓட்டை தெரியக்கூடாது" என்றார் மேனேஜர்.

"இன்னாத்த அட்ஜஸ்ட் பண்றது? வராதவனுக்கு வருஷா வருஷம் ஹாஜர் போட்டுக்கினு கீறோம். அவன் உசுரோட கீறானான்னு யாருக்குத் தெரியும்? எங்கப்பா கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்துல வேல பாத்துக்கினு இருந்தாரு. எல்லாம் நல்லா கீதுன்னே வீட்ல சொல்லிக்கினு இருந்தாரு. மூடுன அன்னிக்குத்தான் எங்களுக்கே தெரியும். காலியாவே வுடு!"

அந்த வாரமே அவர் வேலை போனது. அறிக்கை என் தலையில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது: மேனேஜர் மேல், அட்ஜஸ்ட் பண்ணியே காலம் தள்ளும் எங்கள் எல்லோர் மேலும், சண்டையை மூட்டிவிட்டு என்னைத் தனியாக விட்டுப்போன அந்த மனுஷன் மேலும். கட்டங்களைக் காலியாகவே விட்டு அறிக்கையை அனுப்பினேன். மேனேஜர் வந்து கத்தினார். நானும் கத்தினேன்.

போனில் சொன்னபோது நத்தை சார் நம்பவில்லை. "நீயா? எவ்ளோ சத்தமா?"

"ரிசப்ஷன் வரைக்கும் கேட்டுச்சு சார்."

"பத்தாது. கீழ பார்க்கிங் வரைக்கும் கேக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உன் வேலையும் போச்சுன்னா சொல்லுபா. ரெண்டு பேரும் சேந்தே தேடலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பிடிக்கும் எனக்கு அந்த ஆளை.