மகளுக்காக நான் படித்த பதினெட்டு மணி நேரம்

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கல்லூரிப் பாடம் பதினெட்டு மணி நேரம் படித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை ஒரு கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு நிமிடம்கூடப் பொய் இல்லை, மாரியம்மன் சாட்சி. பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு மானம் போயிருக்காது.

சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். எனக்குப் பட்டாசு கம்பெனியில் வேலை. என் மனைவி பேச்சியம்மாள் வீட்டிலேயே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவாள். உருட்டிய கணக்கு எழுதும் கம்பெனி அட்டை அவள் பேரில் இருக்கும். ஆனால் அவளுக்குக் கை வலித்தால் நான் உருட்டுவேன். விருந்தாளி வந்தால் அவரும் பேச்சோடு பேச்சாகப் பத்துக் குழாய் உருட்டிவிட்டுத்தான் காபி குடிப்பார். எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், உருட்டியது யார் கை என்று யாரும் கேட்பதில்லை. என் புத்தியில் ஊறிப்போனது இந்த ஒரு சட்டம்தான்.

மகள் முத்துலட்சுமி விருதுநகரில் ஒரு கல்லூரியில் புவியியல் சேர்ந்தாள். எங்கள் வம்சத்தில் முதல் கல்லூரிப் படி. பெற்றோர் கூட்டத்தில் துறைத் தலைவி அம்மா விளக்கினார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும். நாலு கிரெடிட் பாடத்துக்கு வகுப்பு நாலு, வீடு எட்டு, ஆக வாரம் பன்னிரண்டு மணி. (எனக்கு உடனே புரிந்துவிட்டது. குழாய்க் கணக்கு மாதிரியே இருந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.)

மாசி மாதம் அவளுக்கு அம்மை போட்டது. ஆத்தா வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் வேப்பிலை செருகினோம், தாளிப்பை நிறுத்தினோம், பிள்ளையை உள் அறையில் படுக்கவைத்து நடுவில் என் வேட்டியைத் திரையாகக் கட்டினோம். டாக்டரிடம் போகவில்லை. கண்ணுக்கு ஆகாது என்று புத்தகத்தையும் பிடுங்கி வைத்தாயிற்று.

திரைக்குப் பின்னால் அவள் அழுதாள். "அப்பா, அந்த நாலு கிரெடிட் பாடம் முதல் மணியில வருது. பஸ் லேட்டாகி லேட்டாகி ஏற்கெனவே வருகை குறைச்சல். இன்னும் மூணு வாரம் போச்சுன்னா பரீட்சை எழுத விடமாட்டாக."

மூன்று வாரம் என்றால் முப்பத்தாறு மணி. எனக்குள் விளக்கு எரிந்தது. "அழாத தாயி. நாங்க உக்காந்து முடிச்சிருதோம்" என்றேன். காய்ச்சலில் அவளுக்கு எது காதில் விழுந்ததோ, சரி என்றாள்.

மறுநாள் மாலை வேலை விட்டு வந்து குளித்து, திருநீறு பூசி, புத்தகத்தைச் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுத் திறந்தேன். நான் சத்தமாக வாசிப்பேன், பேச்சி குழாய் உருட்டிக்கொண்டே கேட்பாள். வாசிப்பவருக்கு ஒரு மணி, கேட்பவருக்கு ஒரு மணி. ஆக ஒரு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் முடிந்துவிடும். (இந்த யோசனைக்காக அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

பாடம் கடல் நீரோட்டங்கள். கடலுக்குள்ளேயே ஆறு ஓடுகிறதாம். சூடான ஆறு, குளிர்ந்த ஆறு. கரையே இல்லாமல், யாரும் பார்க்காமல், ஆயிரக்கணக்கான மைல் போகிறதாம். எங்களுக்கு மழை வந்தால் பயம், காயப்போட்டதெல்லாம் நமத்துப்போகும். அந்த ஊரில் உட்கார்ந்து நான் தண்ணீரை வாசித்தேன். வேப்பிலை வாசமும் சாம்பிராணிப் புகையுமாக வீடு மெல்ல மிதக்கத் தொடங்கும். பேச்சியின் கையில் குழாய் அலை மாதிரி உருளும். சூடான நீரோட்டம் ஒன்று என் காலடியில் வந்து, என்னைப் பாயோடு தூக்கிக்கொண்டு, பெயர் தெரியாத பனி நாட்டுப் பக்கம் மெதுவாகக் கொண்டுபோகும்.

"ஏங்க, குறட்டை விடுதீக. இதைக் கழிச்சிருங்க" என்பாள் பேச்சி.

கழித்தேன். சாமி காரியம் மாதிரி நடக்கிற வேலையில் கள்ளக்கணக்கு கூடாது. நோட்டில் 'தூக்கம் – இருபது நிமிடம்' என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஈடு கட்டினேன். மூன்றாம் வாரம் அம்மை இறங்கி மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று கணக்கு முடிந்தது. நான் பதினெட்டு, பேச்சி பதினெட்டு.

நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மகளையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். துறை அறையில் ஐந்தாறு ஆசிரியர்கள் இருந்தார்கள். துறைத் தலைவி அம்மா நோட்டைப் புரட்டினார்கள்.

"அய்யா, இது யார் படிச்ச நேரம்?"

"நானும் வீட்லயும்தாம்மா. முப்பத்தாறு மணி. சரியா இருக்கான்னு கூட்டிப் பாருங்க."

"பாடம் உங்க மகளுக்குத்தானே?"

"அட்டை அவ பேர்லதாம்மா இருக்கு. உருட்டுனது நாங்க."

மூலையில் ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்கே தெரிந்தது. மகள் தலை குனிந்து தரையைப் பார்த்தாள். நான் விடவில்லை. "அம்மை இறங்கணும்னு அவளுக்காகப் பங்குனிக்கு நான் அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேர்ந்திருக்கேன். ஆத்தா ஏத்துக்கிடுதா. காலேஜு ஏத்துக்கிடாதா?"

"ஆத்தா பரீட்சை வைக்கமாட்டா, அய்யா. நாங்க வைப்போமே" என்றார்கள். பிறகு நோட்டில் விரலை வைத்து, "இதென்ன, கழித்தல்?" என்று கேட்டார்கள்.

"நான் தூங்குனதும்மா."

அறை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்கள். "இவங்க வாசிச்சப்ப நீ எங்க இருந்தே?"

"திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தேன் மேடம்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேடம். குறட்டையும் கேட்டுச்சு."

(பெற்ற பிள்ளை!)

"சரி, கடல் ஓரத்திலேயே பாலைவனம் எப்படி வருது, சொல்லு."

மகள் நிமிர்ந்தாள். கரையை ஒட்டிக் குளிர் நீரோட்டம் போனால் காற்று மேலே எழும்பாது, மழை பெய்யாது என்று நிறுத்தாமல் சொன்னாள். நான் திக்கித் திணறிய இடத்தில் அவளும் கொஞ்சம் திக்கினாள். அறையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"வீட்டு நேரத்தை இவளே முடிச்சிட்டா அய்யா, உங்க புண்ணியத்துல. வகுப்பு நேரம் பன்னிரண்டு மணியும் இவதான் உக்காரணும். அதுக்கு வேற யாரும் உக்கார முடியாது. சாயங்காலம் நானே எடுக்குறேன். அம்மை போட்டதுக்குச் சான்று ஏதாவது இருக்கா?"

ஊருக்கு வந்த சுகாதார நர்ஸ் பதிவேட்டில் எழுதிப் போனது நினைவுக்கு வந்தது. மறுநாளே ஓடிப்போய் அதை எழுதி வாங்கிக் கொடுத்தேன். மகள் பன்னிரண்டு மணியும் உட்கார்ந்தாள், பரீட்சை எழுதினாள், தேறினாள். அதற்கு முன்பே, பங்குனியில் நான் சட்டி எடுத்து இறக்கியதும், மகள் மோர் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "தூங்கினதைக் கழிச்சாச்சாப்பா?"

இன்று அவள் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சர். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் இரண்டு மணி நேரம் கொத்தினேன் என்றால் "கழிச்சாச்சா?" மருமகன் முதல் தீபாவளிக்கு வந்தபோது, மதுரை போய்வர நாலு மணி ஆயிற்று என்று நான் சொல்ல, வாயில் அதிரசத்தோடு அவரும் கேட்டார், "கழிச்சாச்சா மாமா?"

கோயிலில் நான் கண்ணை மூடிக் கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டால் பேச்சி முழங்கையால் இடிப்பாள். அந்த நேரத்தை மட்டும் நான் கழிப்பதில்லை. அங்கே எனக்கு வருவது தூக்கம் இல்லை என்று ஆத்தாவுக்குத் தெரியும். வேப்பிலை வாசம் வந்ததும், அந்தச் சூடான நீரோட்டம்தான் காலடியில் வந்து மெல்லத் தூக்குகிறது.