காலிக் குட்டையில் எல்லாம் சரி

ஒரு காட்டில், கோடை முற்றிப்போய், மிச்சமிருந்தது ஒரே ஒரு குட்டை. மானும் அங்கேதான் குடிக்க வேண்டும், சிறுத்தையும் அங்கேதான். அதனால் உயரமாக வேலி போட்டு, தானாகத் திறக்கும் கதவு ஒன்று வைத்தார்கள். வாசலில் கால் வைத்தால் மணி அடித்துத் திறக்கும். உள்ளே மான் இருந்தால் சிறுத்தைக்குத் திறக்கக் கூடாது. கதவுக்குத் தெரிய வேண்டிய உலக ஞானம் இவ்வளவுதான்.

கதவின் மென்பொருளைச் சோதிக்கும் வேலை அணிலுக்கும் முள்ளம்பன்றிக்கும்.

அணில், குழிக்கு ஒரு கொட்டையாகப் புதைத்தே பழகியது. சோதனைகளையும் தனித்தனியாகவே எழுதியது. மான் வந்தால் திறக்கிறதா? சரியென்று பச்சை விளக்கு. சிறுத்தை வந்தால் திறக்கிறதா? பச்சை விளக்கு. ஒன்றின் அழுக்கு இன்னொன்றில் ஒட்டக் கூடாதென்று, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் குட்டையை ஆளில்லாமல் காலி செய்துவிடும்.

முள்ளம்பன்றிக்கு ராத்திரி வேலை. பேச ஆள் கிடையாது. எப்போதாவது வாய் திறந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டிவிடும். அதன் சோதனையும் அப்படித்தான், நீளமாக ஒன்றே ஒன்று. ஓரிடத்தில் தவறினால் அங்கேயே நின்றுவிடும். முதல் வரியே மணி; அது அடிக்காததால் அங்கேயே நின்றிருந்தது.

அப்போதுதான் குட்டி ஈன்றிருந்த புள்ளிமான் வந்தது. தண்ணீரில்லாமல் மடியில் பால் வற்றிக்கொண்டிருந்தது.

"நான் குடிச்சிட்டிருக்கும்போது சிறுத்தை வந்தா கதவு திறக்குமா தம்பி?"

"நீங்க வந்தாலும் பச்சை, அவர் வந்தாலும் பச்சைக்கா," என்றது அணில்.

"ரெண்டு பேரும் வந்தா?"

"அப்படிச் சேர்த்துப் பாக்கிறது முறை இல்லைக்கா. எங்க தப்புன்னே தெரியாமப் போயிரும்."

"எனக்குத் தெரிஞ்சிரும்," என்றது மான்.

முள்ளம்பன்றி தலையைத் தூக்காமல் சொன்னது: "என் சோதனையில அது இருக்கும்மா. மணிக்கு அப்புறம். இன்னும் அங்க போய்ச் சேரலை."

ஒருவழியாக அது மணியைச் சரிசெய்த அன்றே, மீதிச் சோதனை ஓடுமுன், மேலாளர் கரடி திறப்பு விழா வைத்துவிட்டது. அணிலின் விளக்குகளைப் பார்த்து அதற்குப் பூரிப்பு. "இந்தக் கோடையில இத்தனை பச்சையை வேற எங்கய்யா பாக்க முடியும்?"

மான் உள்ளே போனது. முதல் வாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்குவதற்குள் சிறுத்தை வாசலில் கால் வைத்தது. கதவு மரியாதையாகத் திறந்தது. புதிதாய்ச் சரியான மணி காதருகே அலறியதில் சிறுத்தை மிரண்டு பதுங்க, அதன் முதுகுக்கு மேலே தாவி மான் வெளியே ஓடியது.

மறுநாள் வந்த புகார் ஒன்றுதான், சிறுத்தையுடையது: மணிச் சத்தம் அதிகம். உடனே குறைத்தார்கள்.

விட்டுப்போன அந்தச் சோதனையைத் தனியாக எழுதுவதா, சேர்த்து எழுதுவதா என்று அணிலும் முள்ளம்பன்றியும் பேச உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் உட்கார்ந்த இடத்துக்கே சுரைக்குடுக்கையில் வந்தது.

மான் வந்து நின்றது. "நல்லாப் பேசுங்க. குட்டைக்கரையில உக்காந்து பேசுங்க. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் இருந்தாப் போதும்."

கரடிக்கு யோசனை பிடித்துப்போயிற்று. இருவரையும் மானோடு அனுப்பிவைத்துவிட்டது.

உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டதும் அணில் மெல்லக் கேட்டது: "சிறுத்தை எப்பக்கா வரும்?"

"தெரியலை தம்பி. வந்தா மணி அடிக்கும். இப்ப கொஞ்சம் மெதுவா."

மான் குனிந்து குடிக்க ஆரம்பிக்குமுன் இருவருமாகக் கதவைச் சரிசெய்துவிட்டார்கள். சோதனையைச் சேர்த்து எழுதினார்களா, பிரித்து எழுதினார்களா என்று கேட்டால் இருவருக்குமே ஞாபகமில்லை. கதவு காக்க வைக்கிறதென்று சிறுத்தை கொடுத்த இரண்டாவது புகார் மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

நீதி: சோதனைகளைச் சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம், எழுதியவர்களைக் குட்டைக்குள் விட்டுக் கதவைச் சாத்த மறக்கக் கூடாது.