மதாம் செலீனுக்கு நான் குடுத்த செவ்வந்தி

ரூஜ், ஸ்காபரோ
12.12.1996

பாசத்துக்குரிய மருமகன் கோகுலனுக்கு,

மாமா இரத்தினவேல் எழுதுவது. இங்கு மாமியும் மகள் நிரூபாவும் நலம். பாரிஸில் நீரும் அவ்வண்ணமே இருக்க ரிச்மண்ட்ஹில் பிள்ளையாரை வேண்டுகிறேன். என் நலம் வேறொருவரின் நலத்தில் தங்கியிருப்பதால் அதைப் பின்னால் எழுதுகிறேன்.

ஐப்பசிக் கடைசியில் நீர் கூட்டிச்சென்ற அந்தப் பழம்பெரும் கிராமத்தை மறக்க முடியாது. எழுநூறு வருசத்துக் கல்வீடுகள், பாண் மணக்கிற ஒழுங்கை, ஒருத்தரும் உரத்துக் கதையாத அமைதி. மாதாகோயில் மணி ஏழடிச்சு, ரெண்டு நிமிசம் பொறுத்துத் திரும்பவும் ஏழடிச்சுது. ஏனெண்டு கேட்டதுக்கு, நாங்கள் தங்கின வீட்டுக்கார மதாம் செலீன், "முதல்தரம் எங்களுக்கு, ரெண்டாந்தரம் அவையளுக்கு" எண்டு செத்தவை கிடக்கிற சேமக்காலைப் பக்கம் கையைக் காட்டினா. நீர் சிரிச்சுச் சிரிச்சு மொழிபெயர்த்தீர். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

அடுத்தநாள் விடிய நீர் நித்திரை, நான் சந்தைக்கு நடந்தன், சந்தை முழுக்கச் செவ்வந்திச் சாடி, கோயில் திருவிழாவாக்கும் எண்டு நினைச்சு, ஒரு வீட்டிலை சாப்பிட்டுப் படுத்திட்டு வெறுங்கையோடை நிக்கிறது மரியாதையில்லையெண்டு, உள்ளதிலை பெரிய சாடியாப் பாத்து வாங்கிவந்து ரெண்டு கையாலையும் குடுத்தன். மனிசி பூவைப் பாத்தா, என்னைப் பாத்தா, கதிரையிலை இருந்திட்டா. பேந்து உள்ளை போய்க் கறுத்தச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, சாடியை என்னைக் கொண்டே தூக்குவிச்சு, நேரை சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. வழியிலை கண்ட சனமெல்லாம் தொப்பியைக் கழட்டி எனக்குக் கை தந்துது. நானும் எலக்சனிலை வெண்டவன் மாதிரிக் குடுத்துக்கொண்டு போனன். அங்கை ஒரு புதுக் கல்லறை. மினுக்கின கல்லிலை அவவின்ரை பேர், 1912, ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு வெறுங்கல்லு. அதிலை வைக்கச் சொல்லிக் கையாலை காட்டினா. வைச்சன். என்ரை கன்னத்திலை கொஞ்சினா. சொண்டு பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்துது.

உது பிரான்சிலை செத்தவைக்குக் குடுக்கிற பூவெண்டு எயார்போட்டிலை வைச்சுத்தானே எனக்குச் சொன்னீர்? அண்டைக்குத் தொடங்கினது, தம்பி. மாமி சாமிப்படத்துக்குச் செவ்வந்தி வைச்சாலும் அந்தக் கறுத்தச் சட்டைதான் தெரியுது. வீட்டு மணிக்கூடு ஏழடிச்சால் ரெண்டாந்தரத்துக்குக் காது குடுத்துக்கொண்டு நிக்கிறன். மாமி எனக்கு விசரெண்டிறா. அந்த மனிசிக்கு ஏதும் நடந்தால் அது என்ரை கையாலை நடந்தது. எனக்குப் பயமாக்கிடக்கு. ஒருக்கால் ரெயிலேறிப் போய், அவ உயிரோடை இருக்கிறாவோ எண்டு பாத்து எழுதும். நான் இனி அந்த ஊர்ப்பக்கம் தலைவைச்சும் படுக்கன்.

உம்முடைய கலியாணம் கெதியில் ஒப்பேற மாமியும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

அன்பு மாமா,
க. இரத்தினவேல்

பி.கு: கடிதத்தை ஒட்ட முதல் பிரான்சிலையிருந்து ஒரு பாரமான பாசல் வந்தது. உள்ளை கிடந்த கடிதத்தை நிரூபா தன்ரை பள்ளிக்கூடப் பிரெஞ்சிலை வாசிச்சுச் சொன்னாள். நீர் ரெயிலேற வேண்டாம், மதாம் நல்ல சுகம். தான் இருக்கேக்கையே தனக்குப் பூக் கொண்டுவந்த ஒரே ஆள் நானாம். அதுக்குக் கைமாறாத் தனக்குப் பக்கத்திலை எனக்கும் இடம் பிடிச்சு வைச்சிருக்கிறாவாம். கூடவே ஒரு சின்னப் பளிங்குக் கல்லு: நீர் எடுத்து அவவுக்கு அனுப்பின படத்திலையிருந்து என்ரை முகம், தங்கேக்கை காட்டின பாஸ்போட்டிலை கிடந்தமாதிரியே பேர், 1931, ஒரு கோடு. எழுத்திலை பிழையெண்டால் அறிவிக்கட்டாம். படம் வடிவா விழுந்திருக்கெண்டு மாமி அதை ஷோகேசிலை வைச்சிட்டா. மதாம் இருக்கிறாவோ எண்டு பாக்க உம்மை அனுப்ப வெளிக்கிட்டன்; கடைசி வரியிலை, நான் இன்னும் இருக்கிறனோ எண்டு அவ கேட்டிருக்கிறா. என்ன பதில் எழுதிறதெண்டு உடனை சொல்லும்.